தண்ணீருக்கடியில் காற்றுக் கணக்கு

சமையல் பாதியில் காஸ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வோம்? இன்னொரு சிலிண்டரை மாட்டுவோம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அடுப்பு இருக்கவே இருக்கிறது. தண்ணீருக்கடியில், தலைக்கு மேல் பாறை மூடிய குகைக்குள் இருப்பவருக்கு மூச்சுக்காற்றே தீர்ந்துவிட்டால்?

மெக்ஸிகோவின் யுகடான் பகுதியிலும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் நீர் நிரம்பிய குகைகள் நிறைய உண்டு. அவற்றுக்குள் நீந்துகிறவர்களில் பலர் காற்று டேங்க்கை முதுகில் சுமப்பதில்லை. விலாவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு 'சைடுமவுண்ட்' என்று பெயர். குறுகலான இடத்தில் நுழையலாம். வால்வுகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

டேங்க்கில் இருப்பது வெறும் ஆக்ஸிஜன் என்று நினைக்கிறோம், இல்லையா? சாதாரணக் காற்றோ, கொஞ்சம் ஆக்ஸிஜன் கூட்டிய காற்றோதான் பெரும்பாலும் இருக்கும். அதை 200 'பார்' அழுத்தத்தில் அடைக்கிறார்கள். கார் டயரில் 2 பார் சொச்சம்தான், பார்த்துக்கொள்ளுங்களேன்!

மூன்றில் ஒரு பங்கு

போவதற்கு ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. இதுதான் குகைக்குள் போகிறவர்களின் சட்டம். இரண்டு டேங்க்கிலும் 133 பார் ஆனதும் திரும்பிவிட வேண்டும். அதுவரை செலவானது 67-ம் 67-ம், ஆக 134. அந்த நேரத்தில் ஒரு டேங்க் முழுதும் கைவிட்டாலும், மற்றதில் உள்ள 133 வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஒன்றையே சுவாசித்து 76-க்கு இறக்கிவிட்டு, மற்றதில் 190 இருக்கிறதே என்று இருந்தால்? அந்த 190 கைவிட்டால் 76 எப்படிப் போதும்? அதனால்தான் 20, 30 பார் குறைந்ததும் வாய்க்குழாயை மாற்றி, இரண்டையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

மணிக்கட்டில் கணக்கு

ஒரு கையில் விளக்கு, இருட்டு வேறு. இந்த நிலையில் இரண்டு முள் மீட்டரையும் அடிக்கடி தேடிப் பார்ப்பது சுலபமா? இதற்கு வந்ததுதான் கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர். டேங்க்கின் ரெகுலேட்டரில் திருகிவிட்டால், சில விநாடிக்கு ஒருமுறை அழுத்தத்தை மணிக்கட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். தண்ணீரில் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. ஆனால் விலாவிலிருந்து மணிக்கட்டுக்கு எவ்வளவு தூரம்!

கருவி வந்துவிட்டது என்று கவனம் தளரலாமா? இறங்குமுன் பாட்டரியைப் பார்க்க வேண்டும். இடது, வலது மாறாமல் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் கணக்கே தலைகீழ். டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்து டேங்க்கைத் தூக்கினால் உடைந்துபோகும். எண் மறைந்துவிட்டாலும் கைகொடுக்க, முள் மீட்டரையும் வைத்துக்கொள்கிறவர்கள் பலர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, குகை டைவிங் போகிறேன்" என்று போனில் சொன்னால் பதறாதீர்கள். "அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்தாயா? எத்தனை பாரில் திரும்புவாய்? எண் மறைந்தால் என்ன செய்வாய்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால், "முதலில் அதைக் கற்றுக்கொள், பிறகு போ" என்று தயங்காமல் சொல்லுங்கள்.