மாடு ஏன் செத்தது?

கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் அண்மையில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "ஃபாதர், இவள் மாட்டு டொக்டருக்குப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறாள். அதோட விடாமல், அதுக்கு மேலயும் லாப்பில இருந்து படிக்கிற படிப்பு ஒண்டு இருக்காம். மாட்டுக்கு ஊசி போடுறதுக்கு அவ்வளவு படிப்பு என்னத்துக்கு?" அவரது மகள் உயர்தரத்தில் உயிரியல் கற்கிறாள். யுத்தம் நெருங்கியபோது இக்குடும்பம் மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் புறப்பட்டது. திரும்பி வந்தபோது அவற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. இன்று அவர்களிடம் இருப்பவை நான்கு பசுக்களும் சில ஆடுகளுமே. ஆகவே அந்தத் தாயின் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022 டிசெம்பர் மாதத்தை எமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டஸ் புயல் வீசிய நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் 1,000க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் திடீரெனச் செத்து வீழ்ந்தன. மாலையில் மேய்ந்துவிட்டு வந்த மாடு காலையில் விறைத்துக் கிடந்தது. தொற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் ஊரெங்கும் பரவியது. இறைச்சியைக் கொண்டுசெல்வதற்கும் தற்காலிகத் தடை வந்தது. நோயென்றால் மிஞ்சிய மாடுகளையும் பிரித்து அடைக்கவேண்டும், பாலுக்கும் பயப்படவேண்டும். நோயில்லையென்றால் கொட்டிலும் தீனியும் போதும். இரண்டில் எது என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. செத்த மிருகங்களை வெட்டிப் பார்த்து, மாதிரிகளை ஆய்வுகூடத்தில் சோதித்த பின்னரே, கடும் குளிரும் மழைக்காற்றும் தாங்காமல் உடல் வெப்பம் இறங்கி இறந்தன என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவைச் சொன்ன அறிவைத்தான் பல்கலைக்கழகங்களில் "கால்நடை உயிர்மருத்துவ விஞ்ஞானம்" என்ற பெயரில் பட்டத்துக்கு மேலும் படிக்கிறார்கள்.

எமது பகுதியில் நாம் காணும் மிருக வைத்தியர் ஒரு மாட்டைப் பார்த்து மருந்து கொடுக்கிறார். இந்தப் படிப்பைப் படித்தவரோ நோயையே ஆராய்கிறார். நோயியல் கற்பவர் ஈரலையும் நுரையீரலையும் மெல்லிய தாள்போல் சீவி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். நுண்ணுயிரியல் கற்பவர் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று கண்டுபிடிக்கிறார். ஒட்டுண்ணியியல், நிர்ப்பீடனவியல், மருந்தியல் என்று இன்னும் பல பிரிவுகள் உண்டு. பசு கன்று வீசினால், அது புருசெல்லோசிஸ் என்ற நோயாலா, வேறு காரணத்தாலா என்பது இரத்தப் பரிசோதனையில் தெரியும். அந்த நோய் பச்சைப்பால் குடிப்பவருக்கும், வீசிய கன்றை வெறுங்கையால் தூக்கிப் போடுபவருக்கும் தொற்றக்கூடியது. எமது வீடுகளில் அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

இப்படிப்பின் பயனை எமது மண்ணிலேயே கண்ட ஒரு வரலாறு உண்டு. வெக்கை நோய் எனப்படும் ரிண்டர்பெஸ்ட் பல தசாப்தங்களாக இலங்கையில் இல்லாதிருந்தது. 1987இல் அது மீண்டும் வந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. படை வந்ததை அறிந்தவர் பலர். அதனோடு ஒரு கிருமியும் வந்திருக்கலாம் என்பதை அறிந்தவர் சிலரே. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கி சில நாட்களிலேயே மாட்டையும் எருமையையும் கொல்லும் நோய் அது. சண்டை நடந்த பகுதிகளில் ஊசியோடு போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. 1994க்குப் பின் இந்நாட்டில் அது காணப்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதனின் பெரியம்மைக்குப் பிறகு இவ்வாறு ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றே.

இதற்குக் காரணமான தடுப்பூசியை ஆக்கியவர் வோல்ற்றர் பிளவ்றைற் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர். கென்யாவில் ஓர் ஆய்வுகூடத்தில் அவரும் அவரோடிருந்தவர்களும் அந்த வைரசைக் கன்றின் சிறுநீரகக் கலங்களில் ஏறத்தாழ 90 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கடைசியில் அது நோயைத் தராமல் காப்பை மட்டும் தரும் அளவுக்கு வலுவிழந்தது. ஓர் ஊசி, மாட்டின் ஆயுளுக்கும் போதும். ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும். மின்சாரமும் தெருவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? பின்னர் அமெரிக்காவின் ரஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மரினர் என்ற ஆய்வாளர் அதே தடுப்பூசியை வெயில் தாங்கும் வகையில் உலர்த்தி எடுக்க வழி கண்டார். அதன் பிறகு எதியோப்பியாவிலும் யுத்தம் நடந்த தென்சூடானிலும், வைத்தியர் போக முடியாத இடங்களுக்கு, பயிற்சி பெற்ற மாடு மேய்ப்பவர்களே ஊசியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எம்மைப் போல் இடம்பெயர்ந்து திரிந்த மக்களின் மந்தைகள் அங்கே காப்பாற்றப்பட்டன.

இனி, எங்கள் பிள்ளை அங்கே போவது எப்படி என்று பார்ப்போம்.

உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்கே 1980இல் அதற்குத் தனிப் பீடம் அமைந்தது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை என ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பட்டம் பெற்ற பின் எம்.பில், பிஎச்.டி என்ற ஆய்வுப் பட்டங்களுக்குப் பதிவு செய்யலாம். முதலாவதற்கு இரண்டு வருடமளவும், அடுத்ததற்கு மூன்று வருடமோ அதற்கு மேலோ செல்லும். பாக்குநீரிணைக்கு அப்பால், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கு நோயியல், நுண்ணுயிரியல் போன்ற துறைகளில் முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள்.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. மிருக வைத்தியராகாமலும் இந்த ஆய்வுத் துறைக்குள் நுழையலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலோ, கிளிநொச்சியிலுள்ள அதன் விவசாய பீடத்தில் கால்நடை விஞ்ஞானமோ படித்த பிள்ளைகளையும் பல பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைகளில் முதுநிலை ஆய்வு மாணவராக ஏற்கின்றன. வெட்டுப்புள்ளி ஒன்றில் தவறிப்போன பிள்ளையை "உனக்கு இனி வழியில்லை" என்று மூலையில் இருத்திவிடாதீர்கள்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். முதற்பட்டம் இலவசம். மேற்படிப்புக்குக் கட்டணம் உண்டு. ஆனால் ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராகச் சேரும் மாணவருக்கு மாதப்படி கிடைப்பதுண்டு. ஆகவே பணம் இருக்கிறதா என்று பார்க்குமுன், எந்தப் பேராசிரியரிடம் ஆய்வுத் திட்டம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். கடிதம் எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை.

கஷ்டங்களை மறைக்க நாம் விரும்பவில்லை. பேராதனையில் கற்பிப்பது ஆங்கிலத்தில். எமது கிராமப் பாடசாலைகளில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பதே அரிது. அந்தத் தாயின் மகளும் அங்கேதான் தடுமாறுகிறாள். அதைவிட எமக்குக் கவலை தருவது வேறு. இவ்வளவும் படித்தவர்களில் பலர் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆய்வுகூடம் இல்லாத இடத்துக்கு ஆய்வாளர் எப்படித் திரும்பி வருவார்? பெரிய சோதனைகளுக்கு மன்னாரிலிருந்து மாதிரிகள் கண்டிக்கருகே கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம்வரை போகவேண்டியிருக்கிறது.

அங்கே போய்ச் சேரும் மாதிரி நல்ல நிலையில் இருப்பது எங்கள் கையில்தான் தொடங்குகிறது. மிருகம் செத்தால் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். எமது வெயிலில் உடல் சில மணித்தியாலத்துக்குள் அழுகத் தொடங்கும்; அழுகியதிலிருந்து கலாநிதிப் பட்டம் பெற்றவராலும் அதிகம் சொல்ல முடியாது. வாய், மூக்கு, மலவாசலால் இரத்தம் வடிந்திருந்தால் எக்காரணம் கொண்டும் வெட்டவோ தோலுரிக்கவோ வேண்டாம். அது அடைப்பான் என்ற அந்திராக்ஸாக இருக்கலாம், மனிதரையும் கொல்லும். நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொண்டு வைத்தியருக்காகக் காத்திருங்கள். எப்போது தீனி தின்றது, எங்கே மேய்ந்தது, பட்டியில் வேறு எத்தனை படுத்திருக்கின்றன, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். அந்தத் தாயின் வீட்டில் இப்போது அந்தக் கொப்பியை மகளே எழுதி வருகிறாள்.