பதிப்பு மாறினும் கடன் மாறுமோ?

மஹய்யாவையில் எம் இல்லத்துக்கு மாலை வேளைகளில் இலக்கணப் பாடங் கேட்க வரும் மாணாக்கன் ஒருவன், சென்ற வாரம் தொல்காப்பியத்தோடு வேறு இரு நூல்களையும் ஏந்தி வந்தான். "ஐயா, இவற்றுக்கும் உரை சொல்ல வேண்டும்" என்றான். அவை 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் விதிநூல்கள். ஒன்று பழைய பதிப்பு, மற்றது புதியது.

அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்ற, 1974இல் வெளிவந்த விளையாட்டு இது. நண்பர் சிலர் மேசையைச் சூழ்ந்தமர்ந்து ஆளுக்கொரு கதைமாந்தராய் நின்று பேசுவர். ஒருவர் கதையை நடத்துவர். எடுத்த செயல் வாய்க்குமோ தவறுமோ என்பதை இருபது முகக் கவறு தீர்க்கும். நம் மாணாக்கன் பூண்ட வேடம் ஜப்பானிய மறவனாகிய சாமுராய். பழைய விதியில் ஆடிய அவ்வீரனைப் புதிய விதிக்குக் கொண்டுசெல்ல முயன்று இடர்ப்பட்டான்.

இடர் யாது? 1985இல் வந்த 'ஓரியண்டல் அட்வென்சர்ஸ்' என்னும் நூலில் சாமுராய்க்குத் தலைவன் ஒருவன் உண்டு. மானத்துக்கு எண்கணக்கு உண்டு. தலைவனை இழந்தவன் ரோனின் எனப்படுவான். 2001இல் அப்பெயரோடே வந்த நூல், முன்னோர் வழிவந்த வாளிணையைச் சிறப்பித்தது. செல்வத்தைக் காணிக்கையாக்க வாளின் ஆற்றல் வளரும். 2003இல் வந்த 'கம்ப்ளீட் வாரியர்' இருவாட் போரையும் பகைவரை அஞ்சுவிக்கும் பார்வையையும் தந்தது. 2017இல் வந்த 'ஸனதர்ஸ் கைட் டு எவ்ரிதிங்' என்னும் நூலோ, சாமுராயைப் போர்வீரன் என்னும் பொதுவகையின் ஒரு கிளையாக்கிற்று. 3ஆம் படியில் போரூக்கம்; 7ஆம் படியில் அவைக்களப் பண்பு; 18ஆம் படியில் வீழுந் தறுவாயிலும் ஒருமுறை செயற்படுந் திறம். தலைவன் எங்கே? விதியில் அவனைக் காணோம்.

"என் வீரன் தலைவனைக் காவாது உயிர் தப்பியவன், ஐயா. பழைய நூலில் அந்தப் பழிக்கு ஓர் எண் இருந்தது. புதிய நூலில் அதை எங்கே எழுதுவேன்?" என்றான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

நம் இலக்கணமும் இவ்வாறு மாறியதன்றோ? தொல்காப்பியர் வகுத்த புறத்திணை ஏழு. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் அவை பன்னிரண்டாயின. வெட்சியுள் அடங்கிய கரந்தையும், உழிஞையுள் அடங்கிய நொச்சியும் தனித்திணைகளாயின. காஞ்சியோ, பெயர் நிற்கப் பொருள் மாறிற்று. தொல்காப்பியத்தில் அது நிலையாமையைக் கூறும். வெண்பாமாலையில் படையெடுத்து வந்த பகைவனை எதிர்த்து நிற்றலைக் கூறும். பெயர் ஒன்றென மயங்கி இதனை அதனுள் பெய்பவன் இரண்டையும் இழப்பான்.

ஆதலின் எண்ணுக்கு எண் தேடற்க. பழைய விதி எதன்பொருட்டு எழுந்தது என்று வினவுக என்றேன். இருவாட் போருக்கு 2014ஆம் ஆண்டு விதியிலேயே இடமுண்டு. முன்னோர் வாளைக் கதை நடத்துவோர் தரலாம். மானத்தை எண்ணாற் குறிக்கும் முறையும் அவ்வாண்டு நடத்துநர் கைந்நூலில், வேண்டுவோர் கொள்ளுமாறு வைக்கப்பட்டுள்ளது. எஞ்சுவது கடன் ஒன்றே. சாமுராய் என்னும் சொல்லே, அருகிருந்து ஏவல் செய்தல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. கடனை நீக்கினால் எஞ்சுவது வாள் மட்டுமே.

இத்தகைய கடன் பூண்டோர் நம் ஈழத்திலும் இருந்தனர். வேளைக்காரர் என்னும் படையினரைப் பற்றி மகாவம்சம் பேசும். முதலாம் விசயபாகு மன்னன் காலத்தில் அவர்கள் சோழர்மேற் செல்ல மறுத்துக் கிளர்ந்தனர். அம்மன்னன் மறைந்தபின், பன்னிரண்டாம் நூற்றாண்டில், அப்படையினர் பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டொன்று நாட்டினர். தந்ததாதுவின் கோயிலைக் காப்போம் என்பது அக்கல் கூறும் உறுதி. அத்தாதுவே இன்று நம் கண்டி மாநகரத்துத் தலதா மாளிகையில் உறைகிறது. பழைய பிழைக்கு அக்கல்லில் எண்ணில்லை. இனிக் காக்கும் உறுதியே உண்டு.

மாணாக்கன் சற்றுநேரம் வாளாவிருந்தான். பின்பு தன் வீரனின் குறிப்புத் தாளை விரித்தான். அதில் 'குறை' என்றும் 'பிணைப்பு' என்றும் இரு கட்டங்கள் வெறுமையாய்க் கிடந்தன. முன்னதில், தலைவனைக் காவாது பிழைத்தமையை எழுதினான். பின்னதில், அத்தலைவனின் சிறுமகனைத் தேடிக் காப்பேன் என்று எழுதினான்.

புதிய நூல் பழியை மறந்திருக்கலாம். மறவாமை ஆடுவோன் கையிலுள்ளது. அன்று தொல்காப்பியப் பாடம் நடைபெறவில்லை. ஆயினும் புறத்திணை ஒருவாறு பயிலப்பட்டது என்றே கொண்டோம்.