மூளை பாதித்த பிள்ளைக்கு இழப்பீடு உண்டு

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உழைக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "பெரிய ஆஸ்பத்திரியை நாம எதிர்க்க முடியுமாங்க?" முடியும்.

டில்லியில் 1993-இல் டைபாய்டுக்காகச் சேர்த்த சிறுவனுக்கு நர்ஸ் தவறான ஊசி போட்டார். இதயம் நின்றது, ஆக்சிஜன் எட்டாமல் மூளை பழுதானது. பிள்ளைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 1998-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் தீர்ப்பானது.

எல்லாப் பாதிப்பும் மருத்துவர் குற்றமல்ல. கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதற்குக் காகிதமே சாட்சி. சிகிச்சைப் பதிவேட்டை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்து, அங்கே தவறு நேர்ந்திருந்தாலும், 2019 சட்டப்படி இங்கேயே, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்.