மலையிறங்கும் ஜீப்பும் அதன் பிரேக்கும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது எவ்வளவு விரைவாக ஓடும், எவ்வளவு செங்குத்தாக ஏறும் என்றே பேசுகின்றனர். ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும் என்று நினைப்போர் சிலரே. நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் பழைய ஜீப்பு வண்டியானால் கேட்கவே வேண்டாம். அதன் பெருமையெல்லாம் ஏற்றத்தில் இருக்கிறது. குறையெல்லாம் இறக்கத்தில் இருக்கிறது.

காரியவட்டத்தில் என்னோடு பயிலும் நண்பர் ஒருவரின் தந்தை போடிநாயக்கனூரில் பழைய மகிந்திரா ஜீப்பு ஒன்று வைத்திருக்கிறார். விடியுமுன் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வதும், மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவ்வண்டியின் தொழில். வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். "நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குதான். முன் சக்கரங்களுக்கு டிஸ்கு போட்டுவிட்டால் அச்சமில்லை என்கிறார்களே, உண்மையா?" என்று நண்பர் கேட்டார். பௌதிகம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை!

கேள்வி சிறிது, ஆனால் எளிதாகத் தள்ளிவிடக் கூடியது அன்று. 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப்பு பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய நான் வரவில்லை. நம் மக்கள் நாள்தோறும் இத்தகைய வண்டிகளில் இத்தகைய சாலைகளில் இறங்குகிறார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் வாடகை ஜீப்பில் நெருங்கி அமர்ந்து இறங்கும் நமக்கும் இது பொருந்தும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். மேலே நிற்கும் வண்டியிடம் அவ்வுயரத்தால் அமைந்த நிலையாற்றல் ஏறக்குறைய 2 கோடி ஜூல். கீழே வந்து நிற்கும்போது அது அத்தனையும் எங்கோ போயிருக்க வேண்டும். அறை வெப்பத்திலுள்ள 60 லிட்டர் தண்ணீரை, அதாவது நான்கைந்து குடம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பம் அது. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பிரேக்கில் பிறக்கும் வெப்பம் 3 லட்சம் ஜூலுக்கும் குறைவு. ஒருமுறை மலையிறங்குவது அவ்வாறு 70 முறை நிறுத்துவதற்குச் சமம்.

நான்கு டிரம்களின் வார்ப்பிரும்பும் சேர்ந்து 40 கிலோ இருக்குமானால், வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலையில் அவற்றின் சூடு 1000 பாகைக்கு மேல் ஏறிவிடும். நல்ல வேளையாக அவ்வாறு நடப்பதில்லை. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர் எஞ்சினுக்குரிய பங்கையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார்.

சூடேறினால் டிரம் பிரேக்கில் நடப்பது என்ன? மிதிக்கட்டையை அழுத்தியதும் பிறைவடிவமான இரண்டு ஷூக்கள் டிரம்மின் உட்புறத்தில் போய் உராய்கின்றன. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். குறைந்த கால்வலுவில் நன்றாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். பூஸ்டர் இல்லாமலே அக்கால ஜீப்புகள் ஓடியதும் இதனால்தான். ஆனால் சூடான டிரம் விரிகிறது. விரிந்தால் ஷூவைவிட்டு விலகுகிறது. மிதிக்கட்டை வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அதே நேரத்தில் லைனிங்கின் உராய்வும் குறையும். எவ்வளவு மிதித்தாலும் பிடி தளர்ந்துகொண்டே போகும். ஓட்டுநர்கள் இதைத்தான் பிரேக் மங்கிப்போச்சு என்கிறார்கள்.

டிஸ்கின் சிறப்பு இங்கேதான். வட்டத்தகடு திறந்த வெளியில் சுழல்வதால் விரைவாகக் குளிர்கிறது. சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கியே தடிக்கிறது. நீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கும், டிஸ்கோ உதறிவிடும். 1953-ல் லே மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்கு பூட்டிய ஜாகுவார் வண்டி வென்ற பிறகு உலகம் இதைக் கவனிக்கலாயிற்று. இன்றைய பொலீரோ, தார் வண்டிகளின் முன் சக்கரங்களில் டிஸ்கு இருப்பதைக் காணலாம். ஆகவே நண்பரிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறு பாதி பிரேக் ஆயிலில் இருக்கிறது. ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெயன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 3 என்னும் தரத்துக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை 205 பாகைக்குக் குறையலாகாது. ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 140 பாகைதான். டாட் 4 தரத்துக்கு முறையே 230, 155. ஆண்டில் இரண்டு பருவமழை காணும் இந்நாட்டில் மூன்று நான்கு ஆண்டு மாற்றாத ஆயில் எந்நிலையில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகுமானால், மிதியின் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு எட்டாது. பஸ்கலின் விதி திரவத்துக்கும் ஆவிக்கும் பொதுவானதே. ஆனால் ஆவி சுருங்கும், திரவம் சுருங்காது. டிஸ்கு போட்ட வண்டியானாலும் இதற்கு விலக்கில்லை. சொல்லப்போனால் பேடின் சூடு காலிப்பரின் பிஸ்டன் வழியாக நேரே ஆயிலுக்குப் போவதால், அதற்கு நல்ல ஆயில் இன்னும் இன்றியமையாதது.

எனவே நண்பருக்கு நான் சொன்ன முதல் வேலை டிஸ்கு அன்று. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். சிலிக்கோனால் ஆன டாட் 5 என்பது வேறு சாதி, இதனோடு கலக்கலாகாது. ரப்பர் ஓஸ்களில் வெடிப்பிருந்தால் மாற்ற வேண்டும். டிரம்மை லேத்தில் கடைந்து வட்டத்தைச் சரிசெய்து, லைனிங் முழுப்பரப்பிலும் படுகிறதா என்று பார்க்க வேண்டும். டிரம்மில் குறித்த அளவைத் தாண்டிக் கடைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதே. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைப்பதே முறை. இவ்வளவும் செய்த டிரம் பிரேக்கு பலருக்கு வியப்பளிக்கும். பழுதுபட்டதைத்தான் நாம் பழையது என்று இகழ்ந்து கொண்டிருந்தோம்.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டர். பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் அது ஓட்டுநரின் காலடியில் தரைத்தகட்டுக்குக் கீழே சேற்றில் கிடக்கிறது. கண்ணில் படாததை யார் கவனிப்பார்? மேலும் அது ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக்கு இல்லை. முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகப் பிரித்த இரட்டைச் சுற்றில், ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். அமெரிக்க அரசு கார்களுக்கு இதை 1968-ல் கட்டாயமாக்கிற்று. பழைய வண்டியில் செலவிடப் பணம் குறைவாக இருந்தால், டிஸ்குக்கு முன்னால் இதற்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. டிஸ்கின் பளபளப்பு இதற்கு இல்லை. அதனால்தானோ என்னவோ பட்டறைகளில் இதைப் பற்றிப் பேச்சில்லை.

இனி டிஸ்குக்கு வருவோம். டிரம்மைக் கழற்றி டிஸ்கை மாட்டுவதோடு வேலை தீராது. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் சிறிதளவு அழுத்தத்தைக் குழாயில் நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது அப்படியே இருந்தால் பேடு டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். எதைத் தவிர்க்க விரும்பினோமோ அந்தச் சூட்டை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். டிஸ்குக்குத் தன்னை இறுக்கிக்கொள்ளும் குணம் இல்லையாதலால் அழுத்தம் மிகுதியாக வேண்டும். காலிப்பருக்கு ஆயிலும் அதிகம் வேண்டும். அதற்காகச் சிலிண்டரின் துளையைப் பெரிதாக்கினால் காலால் மிதிக்க வேண்டிய விசையும் கூடும். ஆகவே பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் எஞ்சினானால் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் உறிஞ்சு குழாயிலிருந்தே கிடைக்கும். டீசலில் அது கிடைக்காது. தனிப் பம்பு வைக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துவிடும். அதன்பின் மிதிக்கட்டை கல்லாகிவிடும்.

முன்பின் பங்கீடும் முக்கியம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. 80 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட சிறிய ஜீப்பில், வலுவாகப் பிடித்தால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு பின் அச்சிலிருந்து முன் அச்சுக்குப் போய்விடும் என்று கணக்கிட்டேன். பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டி பம்பரமாகிவிடும். பட்டறையில் கிடைத்ததைப் பொருத்தாமல், முன் பின் இரண்டும் ஒன்றுக்கொன்று அமைந்த ஒரே வண்டியின் தொகுதியை எடுப்பது இதனால்தான் நன்று. சக்கர வளையத்துக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றமானாலும், விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். ஆர்.டி. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்ட பிறகே கையை வைக்க வேண்டும்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. எந்தக் கியரில் ஏறுகிறதோ அந்தக் கியரில் இறங்கு என்பது ஓட்டுநர்களின் பழைய விதி. தோட்டத்து மண்பாதையில் நான்கு சக்கர லோ கியரைப் போட்டால், ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்த வேகத்தில் எஞ்சின் நான்கு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையின் வளைவுகளில் மட்டும் அதைப் போடலாகாது. முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாமையால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். அங்கே வெறும் முதல் கியரோ இரண்டாம் கியரோ போதும். ஏற்றும் ஆளைக் குறைப்பதும் பிரேக்கு வேலைதான். ஐந்து பேர் குறைந்தால் 250 கிலோ குறையும்; வெப்பமும் எட்டில் ஒரு பங்கு குறையும்.

வேலை முடிந்ததும் எஞ்சின் ஓடுகையில் மிதிக்கட்டையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. பிறகு வெறும் மைதானத்தில் சிறு வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்தி, எப்பக்கமாவது இழுக்கிறதா என்று பார்த்து, இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களில் ஒன்று மட்டும் கொதித்தால், வண்டியைப் பட்டறையிலேயே விட்டு வீட்டுக்குப் பேருந்தில் போகலாம்.