பூச்செடிகளும் வைரஸும் – 6: கோடு விழுந்த துலிப்

பல ஆண்டுகள் ஒரே சிவப்பாகப் பூத்துவந்த துலிப், ஒரு வசந்தத்தில் வெள்ளைக் கோடுகளும் தீநாக்குப் போன்ற கீற்றுகளுமாகப் பூக்கும். பிறகு அந்தக் கிழங்கு பழைய நிறத்துக்குத் திரும்புவதே இல்லை. தோட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘உடைதல்’. காரணம், துலிப் உடைப்பு வைரஸ். இலை காட்டிக்கொடுக்கும் தேமலையும் வளையப்புள்ளியையும் முன்பே பார்த்தோம். இது பூ காட்டிக்கொடுக்கும் நோய்.

துலிப் இதழின் அடிநிறம் வெள்ளை அல்லது மஞ்சள். அதன்மேல் ஆந்தோசயனின் என்னும் நிறமி சிவப்பாகவோ ஊதாவாகவோ படிகிறது. வைரஸ் இந்த நிறமியைச் சீரில்லாமல் தடுக்கிறது. தடுத்த இடத்தில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். சில இடங்களில் நிறமி திரண்டு இன்னும் கருக்கும். கிழங்கோ ஆண்டுக்காண்டு சிறுக்கும், பக்கக் கிழங்குகள் குறையும். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் ‘செம்பர் அகஸ்டஸ்’ போன்ற கோட்டுத் துலிப்புகள் பெருகாமல் அரிதாகவே இருந்ததற்கும், 1637 பிப்ரவரியில் சந்தை சரியும்வரை அவற்றின் விலை ஏறிக்கொண்டே போனதற்கும் இந்த நலிவும் ஒரு காரணம். நோயைத்தான் அழகென்று விலை கொடுத்து வாங்கினார்கள்.

கோட்டுப்பூ வேண்டுமென்று மண்ணை மாற்றியவர்கள் உண்டு, புறா எச்சம் போட்டவர்கள் உண்டு. சிவப்புக் கிழங்கில் பாதியையும் வெள்ளைக் கிழங்கில் பாதியையும் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு. வியப்பு இங்கேதான்: ஏறக்குறைய அதே வேலையை முறையான சோதனையாகச் செய்துதான் டோரதி கேலி உண்மையைப் பிடித்தார். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பூஞ்சை ஆய்வாளராக இருந்த அவர், உடைந்த கிழங்கின் திசுவை நலமான கிழங்கோடு ஒட்டவைத்தார். நலமானதும் உடைந்து பூத்தது. உடைதல் தொற்றக்கூடியது என்று 1928இல் அவர் வெளியிட்டார். நோயைப் பரப்புவது அசுவினி என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. சாறு உறிஞ்சும் சில நொடிகளே அதற்குப் போதும்.

ஒட்டுக்கட்டிப் பார்ப்பது நம்பகமான சோதனை. ஆனால் பூக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயலில் அது உதவாது. டச்சு வயல்களில் இதற்கென்றே பழகிய கண்ணுள்ளவர்கள் பாத்தி பாத்தியாக நடந்து, கோடு விழுந்த செடியைக் கிழங்கோடு அகற்றுகிறார்கள். இப்போது கேமரா பொருத்திய ரோபோக்களும் இறங்கியிருக்கின்றன.

தூய வெள்ளை, தூய மஞ்சள் துலிப்புகளிடம் மட்டும் இந்தக் கண் தோற்கும். மேலே நிறமி இல்லாததால் அவற்றின் பூவில் உடைவதற்கு எதுவுமில்லை. இலையில் மங்கலான தேமல் கிடைத்தால் உண்டு. லில்லிச் செடியும் இதே வைரஸை வெளியே காட்டாமல் சுமக்கக்கூடும். துலிப் பாத்திக்குப் பக்கத்தில் லில்லி நடாதிருப்பது அதனால்தான். வெளியே அடையாளமே இல்லாத செடியில் வைரஸைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனை அடுத்த இதழில்.