விழுங்குவதில் தடை: காரணமும் தீர்வும்

தொண்டையிலிருந்து இரைப்பை வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளும் தசைக்குழாயான உணவுக்குழாயில் இரைப்பை அமிலம் மேலேறுவது, தொண்டை எரிச்சலுக்கும் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வுக்கும் பொதுவான காரணமாகும்; இரவுணவை உறக்கத்திற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் இதைத் தணிக்கும். தண்ணீர் விழுங்கும்போதே புரையேறினால் பக்கவாதம் போன்ற நரம்புக் கோளாறும், முதலில் கெட்டியான களியும் பின்னர் கஞ்சியும் இறங்க மறுத்தால் உணவுக்குழாய்ச் சுருக்கமோ புற்றுநோயோ ஐயுறப்படும்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் காணப்படும் புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு வழிவகுப்பதால், அதைக் கைவிடுவதே முதல் தடுப்பாகும். எடைக்குறைவு, இரத்த வாந்தி, இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றம் ஆகியவை தோன்றினால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தாமதமின்றி மருத்துவரை அணுகி, கேமரா பொருத்திய குழாயால் உட்புறத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவையா என அறிவது நலம்.