4,379 ஓட்டு... பட்டாசுத் தொழிலாளியின் கையில் இருக்கும் பலம் எவ்வளவு?

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதி கடைசி வரை இழுபறிதான். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை முந்தியது வெறும் 4,379 வாக்குகளில். 2019-ல் இதே தாகூரின் வித்தியாசம் 1,54,554! சிவகாசி, சாத்தூர் கிராமங்களில் 2,190 பேர் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் எம்.பி.யே வேற ஆள். 1967-ல் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்த ஊர் விருதுநகர்.

இவ்வளவு பலம் இருந்தும் ஆலைக்குள் நிலைமை ஏன் மாறல?

ஓட்டு எட்டாத இடங்கள்

பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018 அக்டோபர் 23-ல் தடை போட்டது உச்ச நீதிமன்றம். அதன்பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பெரிய ஆலைகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசின் பெசோ அமைப்புக்குத் தலைமையகம் நாக்பூர். இங்கெல்லாம் தொழிலாளி நேரடியாகப் போய்ப் பேச முடியாது. வேட்பாளர் வழியாகத்தான் பேசணும்.

ஒரே முழக்கம், ரெண்டு நலன்

எந்தக் கட்சி வந்தாலும் சொல்வது 'பட்டாசுத் தொழிலைக் காப்போம்' என்பதுதான். ஆலை திறந்திருக்கணும் என்பதில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம். உள்குத்தகை, ஒரு அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்கள் என்று பேச்சு வந்தால் இருவரும் எதிரெதிர். ஆனால் புகார் கொடுத்தால் ஆலைக்கு சீல்; சீல் வைத்தால் புகார் சொன்னவருக்கும் வேலை இல்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் வெடிவிபத்தில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆலையைக் குத்தகைக்கு விட்டிருந்தது அப்போது பெரிய சர்ச்சை. ரெண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தலும் வந்தது.

எந்தப் பட்டனை அழுத்தினார் என்பது போர்மேனுக்குத் தெரியாது. யார் புகார் கொடுத்தார் என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிஞ்சிடும்.

ஓட்டுப் போடும் நாளில் கூலி உண்டா?

உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி அன்று விடுமுறை கட்டாயம், சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஆமாம், ஐந்நூறுதான்!

சிக்கல் பீஸ் ரேட் ஆட்களுக்கு. செய்த உருப்படிக்குத்தான் காசு என்றால், செய்யாத நாளுக்கு எத்தனை உருப்படி என்று கணக்குப் போடுவது? வேலைக்கு வந்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைத் தரணும் என்கிறது சட்டம். அதனால் முந்தைய வாரங்களின் கூலிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. தேர்தல் நேரப் புகார்களுக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.